மருந்தும் வேண்டுதலும்

உடலில் உண்டாகும் நோயைக் கண்டு இரங்காதார் இலர். காய்ச்சலால் வருந்துவோரின் நெற்றியில் கைவைத்துப் பார்க்கிறோம். கால் முறிந்தவரைத் தோளில் தாங்கிச் செல்கிறோம். ஆனால், மனம் நோயுற்றவரைக் கண்டால் உலகம் விலகி நிற்கிறது. சில வேளைகளில் எள்ளி நகையாடவும் செய்கிறது. உடலைப் போலவே மனமும் நோயுறும் என்பதும், உரிய மருத்துவத்தாலும் உற்றார் துணையாலும் அந்நோய் தணியும் என்பதும் பலர்க்கு இன்னும் விளங்கவில்லை.

விருதுநகர் மாவட்டத்தின் திருச்சுழி வட்டத்தில் நரிக்குடி என்னும் ஊர் உள்ளது. அது வானம் பார்த்த பூமி. மழை பெய்து கண்மாய் நிறைந்தால் விளைச்சல் உண்டு. மழை பொய்த்தால் ஆடவர் பிழைப்புத் தேடி வெளியூர் செல்வர். இத்தகைய கரிசற் சீமையின் சிற்றூர்களில் துயரை ஆற்றுதற்குத் தொன்றுதொட்டு ஒரு வழி உண்டு. ஒரு வீட்டில் இறப்பு நேர்ந்தால் சுற்றத்தார் அனைவரும் துக்கம் விசாரிக்க வருவர். பெண்டிர் வட்டமாக அமர்ந்து, ஒருவர் தோளை ஒருவர் பற்றி, ஒப்பாரி சொல்லி அழுவர். இறந்தவரை நினைந்து அழ வந்தவள் தன் பழைய துயரையும் அங்கே சொல்லி அழுவாள். அழுது முடித்தபின் நெஞ்சின் பாரம் சிறிது குறையும். துயரைத் தனியே சுமத்தல் அரிது என்பதை அம்மக்கள் நன்கு அறிந்திருந்தனர்.

எனினும், துயர் வேறு, நோய் வேறு. பிறர் காதில் விழாத குரல்கள் தன் காதில் ஒலித்தல், பல நாள் உறக்கமின்மை, பெற்ற தாயையும் ஐயுறுதல் ஆகியவை ஆறுதல் மொழியால் மட்டும் தீர்வன அல்ல. வீட்டில் ஒருவருக்கு இவை தோன்றினால் குடும்பத்தார் செய்வதறியாது திகைப்பர். அருகில் மனநல மருத்துவர் இல்லாத காலத்தில் அவர்கள் தெய்வத்தை நாடினர். நரிக்குடிக்குத் தென்கிழக்கே, இராமநாதபுர மாவட்டக் கடற்கரைப் பகுதியில் ஏர்வாடி தர்கா உள்ளது. அங்கு இசுலாமியரேயன்றி இந்துக்களும் பிறரும் திரளாகச் செல்வர். தர்காவின் புனித நீரையும் விளக்கின் எண்ணெயையும் மருந்தாகக் கொள்வர். வீடு திரும்பலாம் என்னும் கட்டளை கனவிற் கிடைக்கும் வரை திங்கட்கணக்கில் காத்திருப்போரும் உண்டு.

அவ்வாறு காத்திருப்போருக்காகத் தர்காவைச் சூழ்ந்து தனியார் காப்பகங்கள் பல தோன்றின. அவற்றிற் சிலவற்றில் நோயுற்றோர் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தனர். 2001ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 6ஆம் நாள், பொழுது புலருமுன் ஒரு காப்பகத்தில் தீப்பற்றியது. கட்டுண்டு கிடந்தவர் எழுந்து ஓட இயலவில்லை. 28 பேர் மாண்டனர். நாடே நடுங்கியது. உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன; அவற்றில் இருந்த ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர் அரசின் பராமரிப்பில் வைக்கப்பட்டனர்.

இக்கொடுமைக்குக் காரணம் மக்களின் வேண்டுதலா? அன்று. மருத்துவம் எட்டாமையும், நோயைப் பற்றிய அறியாமையும், நோயாளியை ஓரிடத்தில் ஒதுக்கிவிடும் வழக்கமும் கூடியே சங்கிலியாயின. ஆகவே சங்கிலியை அகற்றுதல் முதற்கடமையாயிற்று. சுற்றத்தையும் நம்பிக்கையையும் மருத்துவத்தின் துணையாக்குதல் அடுத்த கடமையாயிற்று.

சுற்றத்தைத் துணையாக்கும் வழியை இந்திய மருத்துவர் முன்னரே கண்டிருந்தனர். 1950ஆம் ஆண்டையடுத்த காலத்தில் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனைக்குத் தலைமை தாங்கியவர் மருத்துவர் வித்யாசாகர். அவர் மருத்துவமனை வளாகத்தில் கூடாரங்கள் அமைத்து, நோயுற்றோருடன் அவர்தம் குடும்பத்தாரையும் தங்கச் செய்தார். எல்லோரையும் ஒருங்கே அமர்த்திப் பேசினார். 1957இல் தொடங்கப்பெற்ற வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்திலும் உறவினர் உடனிருந்து பேணும் முறை கையாளப்பட்டது.

பலர் கூடி அமர்ந்து பேசுவதால் விளையும் பயன் யாது? நோயுற்றவர் தமக்கு மட்டுமே இத்துன்பம் வந்ததென்று எண்ணி நாணுகிறார். அதே துன்பத்தைப் பிறர் வாயிலாகக் கேட்கும்போது அந்நாணம் அகல்கிறது. நலமடைந்து வரும் ஒருவரைக் கண்ணெதிரே காண்பது பிறர்க்கு நம்பிக்கை ஊட்டுகிறது. மருந்தை இடையில் நிறுத்தலாகாது என்பதைக் குடும்பத்தாரும் உணர்ந்துகொள்கின்றனர். பேச்சு, அவரவர் தாய்மொழியில், அவரவர் வழங்கும் சொற்களில் நிகழ்வது இன்றியமையாதது. ‘மனச்சோர்வு’ என்னும் சொல்லை அறியாத மூதாட்டி, ‘நெஞ்சை அடைக்கிறது, சோறு இறங்கவில்லை’ என்பார். அம்மொழியை உணரும் மருத்துவரே அவர் நோயை உணர்வார்.

நம்பிக்கையைத் துணையாக்கும் முயற்சி குசராத்து மாநிலத்தில் தொடங்கிற்று. உனாவா என்னும் ஊரிலுள்ள தர்காவில் தொண்டு புரிவோர்க்கு மனநோயின் குறிகள் கற்பிக்கப்பட்டன. வேண்டுதலுக்கு வருவோரை அவர்கள் அங்கேயே உள்ள மருத்துவரிடம் அனுப்பினர். இதற்குத் ‘தவா – துவா’ என்று பெயர். தவா என்பது மருந்து. துவா என்பது இறைவனிடம் வேண்டுதல். ஏர்வாடியிலும் இம்முறை பின்னர்க் கொணரப்பட்டது. தொழுகையை விடுமாறு எவரும் வற்புறுத்தப்படவில்லை. தொழுத கையாலேயே மருந்தும் பெற வழி பிறந்தது.

2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோயுற்ற எவரையும் எவ்வகையாலும் சங்கிலியாற் பிணித்தலாகாது என்று விதித்தது. சாதி, சமயம், பால், பண்பாடு, வகுப்பு முதலிய எவ்வேற்றுமையும் பாராமல் மருத்துவம் பெறும் உரிமையையும் அது வழங்கியது. 2022இல் தொடங்கப்பெற்ற ‘டெலி மானஸ்’ திட்டத்தின்படி, 14416 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்துத் தமிழிலேயே அறிவுரை பெறலாம், கட்டணம் இல்லை. நகரத்தை எட்ட இயலாத சிற்றூர் மக்கட்கு இஃது ஒரு பெருந்துணை.

சட்டம் சங்கிலியை அறுக்கும். மருந்து நோயைத் தணிக்கும். ஆனால், குணமடைந்து ஊர் திரும்புவோரை வரவேற்க வேண்டியவர் அவ்வூராரே. ‘பைத்தியம்’ என்னும் ஒரு சொல் அவரை மீண்டும் இருட்டில் தள்ளிவிடும். இறப்பு நேர்ந்த வீட்டுக்கு அழைக்காமலே சென்று உடன் அமரும் பண்பு நம்மவரிடம் உண்டு. மனநோய் நேர்ந்த வீட்டுக்கும் அவ்வாறே சென்று அமர நாம் கற்றுக்கொள்ளுதல் வேண்டும்.