கட்டிலில் கரையும் கால்கள்

நெஞ்சுச் சளி என்று வாட்டில் சேர்க்கப்படும் 75 வயது உம்மும்மா நடந்துதான் போகிறார். பத்து நாளில் காய்ச்சல் விட்டு, சளி குறைந்து, டிக்கட்டும் வெட்டியாச்சு. ஆனால் வேனிலிருந்து இருவர் தூக்கித்தான் அவரை உள்ளே கொண்டுவர வேண்டியிருக்கிறது. "வயசு போச்சு, வேறென்ன?" என்கிறோம். வயசு கூடியது பத்து நாள்தானே! பெரும்பாலும் கோளாறு கட்டிலில் இருக்கிறது.

அமெரிக்காவில் நோயில்லாத முதியவர்களை 10 நாள் படுக்க வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2007 இல் வெளியானது. கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. நோயும் பசியின்மையும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம்.

இது புதிய கண்டுபிடிப்புமல்ல. 1935 இல் லண்டன் வெஸ்ட் மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரியின் டொக்டர் மார்ஜரி வாரன், பக்கத்து ஏழைகள் இல்லத்தின் 714 நோயாளிகளைப் பொறுப்பேற்றார். பலர் 'இனித் தேறாது' என்று கிடத்தப்பட்டவர்கள். ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் சோதித்து, எழுப்பி, நடக்கப் பழக்கினார். கணிசமானோர் வீடு திரும்பினார்கள். முதியோர் மருத்துவம் தனித்துறையானது இப்படித்தான்.

இன்னொன்று, இரவில் புத்தி தடுமாறுவது. மௌத்தான சாச்சாவைக் கூப்பிடுவார், சேலைன் ஊசியைப் பிடுங்குவார். பைத்தியமோ, ஜின்னோ என்று வீட்டார் பதறுவார்கள். இதற்கு டெலிரியம் என்று பெயர். 1999 இல் யேல் பல்கலைக்கழகத்தின் ஷரன் இனோயி குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நாள், இடம் சொல்லிக் கொடுத்தல், நடக்க வைத்தல், கண்ணாடி மாட்டிவிடுதல், தண்ணீர் கொடுத்தல், தூக்கத்தைக் கெடுக்காதிருத்தல்; இவ்வளவுதான் செய்தது. டெலிரியம் வந்தோர் 15 வீதத்திலிருந்து 9.9 வீதமாகக் குறைந்தனர்.

நாமோ, தொலைந்துபோகும் என்று கண்ணாடியையும் காதுக் கருவியையும் வீட்டில் வைத்துவிட்டுப் போகிறோம். சுகம் விசாரிக்க ஊரே வரும். ஆனால் "எழும்பாதீங்க, படுங்க" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அது அன்புதான், ஆனால் காலுக்குக் கேடு.

நேர்ஸ்மாருக்கு வாட்டில் கை ஓயாது. ஆகவே பக்கத்தில் நிற்பவர்தான் கேட்க வேண்டும்: "டொக்டர், இவங்களைக் கதிரையில இருத்தலாமா? நடக்க வைக்கலாமா?" ஆமென்றால் சாப்பாட்டைக் கதிரையில் கொடுங்கள். மலசலகூடத்துக்குப் பிடித்துக்கொண்டு போங்கள். நின்று தொழ ஆசைப்படுபவருக்கு அந்த ஆசையே நல்ல பயிற்சி; ஒருவர் பக்கத்தில் நின்றால் போதும்.

டிக்கட் வெட்டுமுன் பிசியோதெரபிக்கு எந்த நாள், எங்கே வருவது என்று எழுதி வாங்குங்கள். வீட்டில் குந்தும் மலசலகூடம் என்றால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.