ஊனுண்ணும் செடிகள்

பசு புல்லை மேய்கிறது. புழு இலையைத் தின்கிறது. இவை நாம் நாள்தோறும் காணும் காட்சிகள். ஆனால், பூச்சிகளைப் பிடித்து உண்ணும் செடிகளும் உலகில் உள்ளன. அவை 'ஊனுண்ணும் செடிகள்' எனப்படும்.

மேகாலய மலைகளில் வளரும் குடுவைச்செடி அவற்றுள் ஒன்று. அதன் இலைநுனி மூடியுள்ள குடம்போல் தொங்கும். குடத்தின் வழவழப்பான விளிம்பில் அமரும் பூச்சி வழுக்கி உள்ளே விழுந்து, அங்குள்ள நீரில் செரிக்கப்படும். காரோ மக்கள் இதனைப் 'பேயின் கூடை' என்னும் பொருள்படும் பெயரால் அழைக்கின்றனர்.

தமிழ்நாட்டின் ஈரமணற் பகுதிகளில் டிரோசீரா வளர்கிறது. அழுகண்ணி என்றும் இதனைக் கூறுவர். நாணய அளவே உள்ள இச்செடியின் இலைகளில் செந்நிற மயிர்கள் நிறைந்திருக்கும். அவற்றின் நுனிகளில் பனித்துளிபோல் மின்னுவது பசைநீராகும். அதில் ஒட்டிய கொசுவை மயிர்கள் வளைந்து பற்றிக்கொள்ளும்.

இச்செடிகள் கொடியவையோ? அல்ல. இவை வாழும் நிலத்தில் நைட்ரசன் சத்து மிகக் குறைவு. அக்குறையைப் பூச்சிகளால் நிறைவு செய்கின்றன. சார்லஸ் டார்வின் இவற்றை ஆராய்ந்து 1875-இல் நூல் ஒன்று வெளியிட்டார். டிரோசீரா இலையில் இறைச்சித் துணுக்கை வைத்தால் மயிர்கள் நெடுநேரம் மூடியிருந்தன. கண்ணாடித் துணுக்கை வைத்தால் விரைவில் விரிந்தன. உணவு எது, உணவல்லாதது எது என்பதைச் செடி வேறுபடுத்தியதை அவர் கண்டார்.

காஞ்சிபுரத்து வீட்டு முற்றத்திலும் டிரோசீராவை வளர்க்கலாம். ஆனால், மற்றச் செடிகளுக்குச் செய்யும் உபசாரம் இதற்கு ஆகாது. எருவிட்டால் வேர் கருகும். உப்புக் கரைந்த கிணற்றுநீரும் தீங்கு செய்யும். ஐப்பசி, கார்த்திகை மழைநீரைச் சேமித்து ஊற்றுதல் வேண்டும். உரமற்ற மணலும் பாசிமட்கும் கலந்த தொட்டியில், தூள்போன்ற விதைகளை மண்ணால் மூடாமல் மேலே தூவவேண்டும். தொட்டியை நீருள்ள தட்டில் வைத்து, வெயில்படச் செய்தல் நலம். இறைச்சி ஊட்டவேண்டா, அது அழுகி இலையைக் கெடுக்கும். தனக்கு வேண்டிய இரையைச் செடியே தேடிக்கொள்ளும்.

மாணவர்களே! புதுமை கண்டவுடன் பறித்துவரும் ஆசை பலர்க்கும் உண்டு. அவ்வாசையாலும் காடழிப்பாலும் மேகாலயக் குடுவைச்செடி அருகிவிட்டது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதனைக் காக்கிறது. உரிமமின்றி அதனைப் பறித்தலும் வளர்த்தலும் கூடா. காட்டில் உள்ளதைக் காட்டிலேயே விட்டுவிட்டு, விதையிலிருந்து வளர்த்து மகிழ்வோமாக. ஒரு செடியின் இயல்பை அறிந்து, அதற்கு வேண்டியதை மட்டும் அளிப்பதே நல்ல தோட்டக்காரர்க்கு அழகு.