போடிமெட்டில் பிடித்த படம்

போடிநாயக்கனூரிலிருந்து முந்தல் வழியாக மலை ஏறினால் 17 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றைக் கடந்தால் போடிமெட்டு; தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்கும் இடம். சோதனைச் சாவடிகள், சில தேநீர்க் கடைகள், அவற்றின்மேல் இறங்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் மூடுபனி. விடியற்காலையில் அங்கே நின்றால், ஏலத் தோட்டத்து வேலையாட்கள் ஜீப் ஜீப்பாக வருவதைக் காணலாம். பெரும்பாலோர் பெண்கள். இருட்டோடு எழுந்து, உலை வைத்து, சோற்றைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போய் மாலையில் திரும்புகிறவர்கள்.

நமது பள்ளி மாணாக்கர் சிலருக்குத் தெருவில் படம் பிடிக்கும் பித்து ஏற்பட்டு ஓராண்டாகிறது. பித்தை ஏற்றிவிட்டவர் நாமே என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். செல்போனே காமிரா. சனிக்கிழமைதோறும் மாலையில், அவரவர் எடுத்த படத்தைச் சுவரில் பெரிதாக விழச் செய்து எல்லோரும் கூடிப் பார்ப்போம். விதி ஒன்றே ஒன்று: படம் எடுத்தவன் வாய் திறக்கக் கூடாது, மற்றவர்கள் தங்கள் கண்ணுக்குப் பட்டதைச் சொல்ல வேண்டும். அவன் நினைத்து எடுத்தது ஒன்று, இவர்கள் காண்பது வேறொன்று என்று அம்பலமாகும்போது அவன் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டுமே!

சென்ற ஏலப் பருவத்தில் ஒரு மாணவன் போடிமெட்டில் எடுத்து வந்த படம் எல்லோரையும் பிரமிக்க வைத்தது. பனிக்குள் போகும் ஜீப். உள்ளே இடமில்லாமல் பின்பக்கம் தொற்றிக்கொண்டிருக்கும் ஒரு ஸ்திரீ. பின்னால் வரும் வண்டியின் விளக்கொளி அவர் முகத்தில் மட்டும் விழுகிறது. "இதைப் போட்டிக்கு அனுப்பு" என்று நாம் அங்கேயே சொல்லிவிட்டோம். வெளிச்சத்தின் மகிமையைப் பற்றிக் கால் மணி நேரம் பிரசங்கமும் செய்தோம். பிரசங்கம் முடிந்த பிறகுதான் கடைசி பெஞ்சியிலிருந்து ஒரு பையன் எழுந்தான்.

"அது எங்க அம்மா, சார்" என்றான்.

மறுநாள் படத்தை அச்சிட்டு எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனோம். அந்த அம்மாள் அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். தம் முகத்தை அல்ல. ஜீப்புக்குள் இருந்தவர்கள்மேல் விரலை வைத்து, ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எண்ணினார். எண்ணிக்கை 16-இல் நின்றது.

"படம் நல்லாத்தான் இருக்கு, சார். பேப்பர்ல கீப்பர்ல வந்துச்சுன்னா வண்டியப் பிடிச்சிருவாங்க. ஜீப்பு நின்னா நாங்க எதுல மலை ஏறுறது?" என்றார்.

நாம் பதில் தெரியாமல் விழித்தோம். ஆளை அடைத்துக்கொண்டு போன ஜீப்புகள் இந்த மலைப் பாதைகளில் கவிழ்ந்து உயிர்கள் போயிருப்பதும் உண்மைதானே! காட்டினால் கூலி போகும். காட்டாவிட்டால் உயிரே போகலாம். வெளிச்சத்தைப் பற்றிய நமது பிரசங்கத்தில் இதற்கெல்லாம் இடமிருக்கவில்லை.

ஆதிகாலத்துப் புகைப்படக்காரர்களுக்கு இந்தச் சங்கடம் கிடையாது. லினேயஸ் டிரைப் என்ற கும்பெனிப் பட்டாளத்து அதிகாரி 1858-இல் மதுரையில் கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் படமெடுத்தார். அந்நாளைய காமிராவுக்கு நெடுநேரம் வெளிச்சம் காட்ட வேண்டும். நடமாடும் மனிதர் அதில் பதியமாட்டார். கல் விழும், ஆள் விழாது. 1925-இல் ஜெர்மனியில் லைக்கா என்னும் சிறிய காமிரா விற்பனைக்கு வந்த பிறகு, கண் சிமிட்டும் நேரத்தில் ஆளும் அகப்பட்டுக்கொண்டான். படம் 'பிடிப்பது' என்று நாம் சொல்வது பொருத்தந்தான். கோழி பிடிக்கிறவனும் கோழியின் சம்மதத்தைக் கேட்பதில்லை.

மதுரைக்காரரான எம். பழனிக்குமாரின் வழி வேறு. மீன் விற்ற தாயின் மகன். அந்தத் தாயையும் படமெடுத்தவர். திவ்யபாரதி இயக்கி 2017-இல் வெளியான 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். துப்புரவுத் தொழிலாளரின் துயரத்தை அவர் மூடி மறைக்கவில்லை. முகத்துக்கு நேராகக் காட்டுகிறார். ஆனால் பெயரில்லாத முகங்களாக அல்ல. 'பாரி' என்ற மக்கள் ஆவணக் காப்பகத்தில் அவருடைய படங்களைப் பார்த்தால், அதில் உள்ளவர்களின் பேச்சும் கூடவே இருக்கிறது. 2022-இல் தயானிதா சிங்-பாரி ஆவணப் புகைப்பட விருது முதன்முதலாக அவருக்கே கிடைத்தது. தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் கையில் காமிராவைக் கொடுத்துக் கற்பிப்பதையும் அவர் ஒரு வேலையாக வைத்துக்கொண்டிருக்கிறார்.

இதையெல்லாம் பையன்களிடம் சொன்னோம். படம் போட்டிக்குப் போகவில்லை. எடுத்தவனுக்கு மனத்தாங்கல்தான், உள்ளதைச் சொன்னால் நமக்குந்தான். சனிக்கிழமை விதியில் மட்டும் ஒரு திருத்தம் செய்தோம்: படத்தில் இருப்பவர் அகப்பட்டால் அழைத்து வர வேண்டும்; முதல் பேச்சு அவருடையது. முதலில் வந்த டீக்கடைக்காரர், தம் முகத்தைக் கவனிக்கவே இல்லை. பின்னால் தெரிந்த விலைப்பலகை பழையது, வாடிக்கைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று ஆட்சேபித்தார்!

பிறகு ஒரு விடுமுறை நாளில், கடைசி பெஞ்சிப் பையன் செல்போனை எடுத்துக்கொண்டு தாயோடு ஜீப்பில் ஏறிவிட்டான். அவன் 17-ஆவது ஆள் என்பது நமக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. அவன் கொண்டு வந்தவை பெரும்பாலும் ஆடிப்போன படங்கள். ஒன்று மட்டும் தேறியது. முகமே இல்லை, முழங்கால்கள், தூக்குவாளிகள், மேல் கம்பியைப் பற்றிய கைகள். ஏலச் செடியில் உழன்று நகக்கண் கறுத்த கைகள்.

அந்தச் சனிக்கிழமை அவன் தாயார் பள்ளிக்கு வந்தார். சுவரில் விழுந்த கைகளை ஒவ்வொன்றாகக் காட்டி, இது இன்னார், இது இன்னார் என்று பெயர் சொன்னார். பிறகு நம்மைப் பார்த்து, "இதப் போடலாம், சார். கீழ மட்டும், விடியக்காலையில ரெண்டு பஸ்ஸு விடச் சொல்லி எழுதிப் போடுங்க" என்றார்.