கேட்காமல் எடுக்கும் கைரேகை

விடியற்காலையில் மாரிகுப்பத்திலிருந்து கிளம்பும் ரயிலுக்காக ஊரிகம் பிளாட்பாரத்தில் நிற்பவர்களில் பெரும்பாலோர் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். 2001 பிப்ரவரி 28 அன்று கோலார் தங்கவயலில் தங்கச் சுரங்கம் மூடப்பட்டதிலிருந்து இந்த ஊரின் பிழைப்பு ரயிலை நம்பித்தான் ஓடுகிறது. உட்கார இடம் கிடைத்ததும் கை போனுக்குப் போகும். ஒருவர் வேலை தேடுவார், இன்னொருவர் கடன் தேடுவார், மூன்றாமவர் மைனில் உழைத்துச் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வந்த அப்பாவுக்கு வைத்தியம் தேடுவார்.

இதையெல்லாம் அவரவர் மட்டுமே பார்ப்பதாக நினைக்கிறோம். ஆனால் பக்கம் திறந்ததுமே அதில் வைத்திருக்கும் சிறு நிரலும் ஓடத் தொடங்குகிறது. எந்த ஊர், என்ன போன், எங்கிருந்து வந்தீர்கள், எவ்வளவு நேரம் இருந்தீர்கள், எதை அழுத்தினீர்கள் என்று குறித்துக்கொள்கிறது. இதுதான் அனலிட்டிக்ஸ். தளம் நடத்துபவருக்கு இந்தக் கணக்கு தேவைதான். எந்தப் பக்கத்தை மக்கள் படிக்கிறார்கள் என்று தெரியாமல் தளத்தைத் திருத்த முடியாது. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. அந்த நிரல் பெரும்பாலும் வேறொரு நிறுவனத்தினுடையது. விளம்பர நிறுவனத்தின் நிரல் பல தளங்களில் இருந்தால், காலையில் கடன் பக்கத்தையும் மாலையில் நுரையீரல் நோய்ப் பக்கத்தையும் பார்த்தது ஒரே போன்தான் என்று அதற்குத் தெரிந்துவிடும். உங்கள் பெயர்கூடத் தேவையில்லை.

அமெரிக்காவில் மருந்து விலையில் தள்ளுபடி தரும் குட்ஆர்எக்ஸ் நிறுவனம், உடல்நலத் தகவலைக் காப்போம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு அதை ஃபேஸ்புக், கூகுள் போன்றவற்றுக்கு அனுப்பியதாக அந்நாட்டு வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. 2023-ல் 15 லட்சம் டாலர் தண்டம் கட்ட அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது.

கோலார் தங்கவயலுக்கு இந்தப் பிரச்சினை புதிதல்ல. 1930-ல் இங்கே சுரங்கத் தொழிலாளரின் கைரேகையைப் பதிவு செய்ய முனைந்தபோது ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்தார்கள். குற்றவாளியிடம் எடுப்பதை உழைப்பவனிடம் ஏன் எடுக்கிறீர்கள் என்ற மானப் பிரச்சினை அதில் இருந்தது. ஒரு மைனில் நீக்கப்பட்டவனை அடுத்த மைனும் சேர்க்காதபடி அடையாளம் காட்டிவிடும் என்ற பயமும் இருந்தது. மை தடவிய விரல் கண்ணுக்குத் தெரிந்தது, அதனால் எதிர்த்தார்கள். இன்றைய பதிவு கண்ணில் படுவதே இல்லை.

ஆனால் அன்று அவர்களுக்கு இல்லாத சட்டம் இன்று நமக்கு உண்டு. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. உங்கள் சம்மதம் கேட்கும்போது, எந்தத் தகவலை எதற்காக எடுக்கிறோம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது அது. அந்த அறிவிப்பை அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணை மொழிகளில் எதிலும் கேட்கலாம். அதாவது கர்நாடகத்தில் இருந்துகொண்டே தமிழில் கேட்கலாம். தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த ஓய்வுபெற்ற தொழிலாளிக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு எனக்குத் தெரியவில்லை. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், தகவலை அழிக்கச் சொல்லலாம். 18 வயதுக்குட்பட்டவர்களைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டுவதற்குத் தடை உண்டு. பாதுகாப்பில் கோட்டை விட்ட நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. முக்கியக் கடமைகள் 18 மாத அவகாசத்துக்குப் பிறகு, 2027 மே மாதம் நடைமுறைக்கு வரும்படி வைத்திருக்கிறார்கள்.

அதுவரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. குக்கீக்கு, அதாவது உங்களை அடையாளம் காணப் போனில் வைக்கும் சிறு கோப்புக்கு, அனுமதி கேட்டு வரும் பெட்டியில் மறுக்கும் பொத்தானைத் தேடி அழுத்துங்கள். ஆண்ட்ராய்டு போனின் கூகுள் அமைப்புகளில், விளம்பரங்கள் பகுதிக்குப் போய் விளம்பர அடையாள எண்ணை நீக்கிவிடுங்கள். பிரவுசரின் இன்காக்னிட்டோவை நம்பாதீர்கள், அது உங்கள் போனில் வரலாற்றைச் சேமிக்காது, அவ்வளவுதான், தளத்தின் கண்ணை மறைக்காது. தளத்தின் மேல் புகார் இருந்தால் முதலில் அதன் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதி, அனுப்பியதற்கான அத்தாட்சியை வைத்துக்கொள்ளுங்கள். சட்டம் முழுதாக நடைமுறைக்கு வந்ததும் தரவுப் பாதுகாப்பு வாரியத்தை அணுக அது உதவும். கசிந்த தகவலை வைத்து யாராவது பணத்தைப் பறித்துவிட்டால் தாமதிக்காமல் அழைக்க வேண்டிய சைபர் குற்ற உதவி எண் 1930. வேலைநிறுத்தம் நடந்த ஆண்டும் அதுவே என்பதால் தங்கவயல்காரர்களுக்கு மறக்காது.

ஊரில் கடைக்கோ டியூஷனுக்கோ தளம் வைத்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று. இலவசமாகக் கிடைக்கிறதே என்று வந்த நிரலையெல்லாம் ஒட்டாதீர்கள். மடோமோ போன்ற திறந்த மூல மென்பொருளை உங்கள் சர்வரிலேயே வைத்து, குக்கீ இல்லாமலும் வருகையை எண்ணலாம். உங்கள் கடைக்கு வந்து போகிறவர் எதை எடுத்துப் பார்த்தார் என்று நேற்றுவரை வேறு யாரிடமும் நீங்கள் சொன்னதில்லையே.