சீசன் முடிந்தது, கணக்கு முடிந்ததா?

ஜனவரி மூன்றாம் ஞாயிறு டாடா மும்பை மாரத்தான் முடிந்த கையோடு கிங்ஸ் சர்க்கிளில் ஒரு தொற்று பரவும். கஃபே மெட்ராஸ் வாசலில் இட்லிக்குக் காத்திருப்பவர்களில் பாதிப் பேர் ஓடி முடித்த நேரத்தைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். மீதிப் பேர் அடுத்த ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். செப்டம்பரில் சதாரா மலை, டிசம்பரில் வசாய்-விரார், ஜனவரியில் மும்பை என்று ஓடிய உடம்பு என்ன சொன்னது என்று கேட்பவர் குறைவு.

பெடர் ரோடு மேல் பழி

முழு மாரத்தானில் 30 கிலோமீட்டர் தாண்டி, வெயில் ஏறிய நேரத்தில் பெடர் ரோடு ஏற்றம் வரும். "அங்கேதான் காலி ஆயிட்டேன்" என்பார்கள். கைக்கடிகாரத்தில் 5 கிலோமீட்டருக்கு ஒருமுறை பதிவான நேரத்தை எடுத்துப் பாருங்கள். விடியுமுன் இருந்த குளிர்ச்சியில் முதல் 10 கிலோமீட்டரைப் பறந்திருந்தால், தசையில் இருந்த கிளைகோஜன் அப்போதே கரையத் தொடங்கிவிட்டது. ஏற்றம் பாவம், என்ன செய்யும்? 2018 பெர்லின் மாரத்தானில் 2:01:39 என்று உலக சாதனை படைத்த கிப்சோகே, முதல் பாதியைவிட இரண்டாம் பாதியை அரை நிமிடம் வேகமாக ஓடினார்.

ஆரம்பம் நிதானமாக இருந்தும் கடைசியில் தளர்ந்தீர்களா? அப்படியானால் நீண்ட ஓட்டப் பயிற்சி போதவில்லை, அல்லது வழியில் சாப்பிட்டது குறைவு. மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்பது பொதுவான அளவு. அதைப் பயிற்சியிலேயே வயிற்றுக்குப் பழக்க வேண்டும்.

ஆகஸ்டு நேரத்தையும் ஜனவரி நேரத்தையும் ஒப்பிடாதீர்கள். மழைக்கால ஈரக்காற்றில் வியர்வை எளிதில் ஆவியாகாது, உடம்பு சூடு தணியாது, அதே வேகத்துக்கு நாடித்துடிப்பு கூடும்.

நோட்டில் தேட வேண்டியவை

காலையில் எழுந்ததும் பார்த்த நாடித்துடிப்பு, தூங்கிய நேரம், வலித்த இடம் மூன்றும் எழுதியிருந்தால் போதும். நாடி வழக்கத்தைவிடத் தொடர்ந்து பல நாள் கூடியிருந்த வாரங்களுக்கு அருகிலேயே பெரும்பாலும் சளியோ காயமோ நிற்கும்.

நீண்ட ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் சுமார் ஒரு லிட்டர் நீர் போயிருக்கிறது. எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள். அதனால் ரத்தத்தில் சோடியம் இறங்குவது உயிருக்கே ஆபத்து.

முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் விரல் வைத்துக் காட்டக்கூடிய ஓரிடத்தில் வலித்து, ஓய்விலும் தொடர்ந்தால் எலும்பு மருத்துவரிடம் போங்கள். ஓடும்போது நெஞ்சுவலியோ மயக்கமோ வந்திருந்தால், பரிசோதனை முடியும்வரை ஓட்டமே கூடாது. பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோனால் அதைப் பயிற்சியின் பலன் என்று நினைக்க வேண்டாம். செலவழிக்கும் சக்திக்குச் சாப்பாடு போதவில்லை என்பதன் அறிகுறியாக இருக்கலாம்.

அடுத்த சீசன்

போட்டி முடிந்த முதல் இரண்டு வாரம் நடை போதும். மாட்டுங்கா மேம்பாலத்தின் அடியில் நர்மதை நதியின் வளைவுகளைப் போல் அமைத்த நானாலால் மேத்தா பூங்காப் பாதை இதற்கு நிழலான இடம்.

பிறகு வாரப் பயிற்சியில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு, பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் இருக்கட்டும். ஃபைவ் கார்டன்ஸ் பூங்காக்களில் கூட்டாளியின் வேகத்துக்கு ஓடுவதுதான் இதைக் கெடுக்கிறது. சீசனுக்கு ஒரே ஒரு போட்டியை முக்கியமாக வைத்து, மற்றவற்றைப் பயிற்சியாக மெதுவாக ஓடுங்கள். மாதம் ஒருமுறை அதே சுற்று, அதே காலை நேரம், அதே நாடித்துடிப்பில் ஓடி நேரத்தைக் குறியுங்கள். போன வருடத்து அதே மாதத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள்.