எல்லை தாண்டி வேலைக்குப் போகிறோம்: யாருக்கு வரி? எதற்கு அனுமதி?



பேரவை மலருக்குக் கட்டுரை கேட்டுத் தம்பிகள் இருவர் மூலக்குளத்தில் என் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். "அண்ணே, கவிதை நிறைய வந்துடுச்சு. பிரயோஜனமா ஏதாவது எழுதிக் குடுங்க" என்றார்கள். நம் கல்லூரியில் பட்டயம் வாங்கி வெளியே வந்த நாள் முதல் எல்லையைத் தாண்டித்தான் நான் பிழைக்கிறேன். எனக்குத் தெரிந்த பிரயோஜனமான விஷயம் அது ஒன்றுதான். அதையே எழுதுகிறேன்.

'எல்லையா? அது எங்கே இருக்கு?' என்று கேட்பீர்கள். மூலக்குளத்தில் விழுப்புரம் பஸ் ஏறுங்கள். வில்லியனூர் தாண்டினால் கண்டமங்கலம், அது தமிழ்நாடு. கொஞ்ச தூரத்தில் திருவண்டார்கோயில், திருபுவனை, மதகடிப்பட்டு, மறுபடியும் புதுவை. அதைத் தாண்டினால் மீண்டும் தமிழ்நாடு. ஒரே பஸ்ஸில் மூன்று முறை எல்லை மாறுகிறது! திருபுவனைத் தொழிற்சாலைக்குப் போகும் நம் பையன், சொந்த மாநிலத்தில் வேலை பார்ப்பதற்கே தினமும் அடுத்த மாநிலத்தைக் கடந்து போகிறான்.

இது ஒரு காலத்தில் இரண்டு நாடுகளின் எல்லை. 1941-இல் ஏற்பட்ட சுங்க உடன்பாடு 1949-இல் முடிந்ததும், பிரெஞ்சுப் புதுவையைச் சுற்றி இந்தியாவின் சுங்கக் காவல் வந்தது. பிறகு அனுமதிச் சீட்டும் வந்தது. கண்டமங்கலம் பக்கம் அறுப்புக்குப் போன என் ஆயா சொல்லும்: "சீட்டு இல்லன்னா வரப்போட நிறுத்திடுவான். கூலியா வாங்கின நெல்லுக்கும் கணக்குக் கேப்பான்." வில்லியனூருக்கு அப்பாலுள்ள கீழூரில் 1954 அக்டோபர் 18 அன்று வாக்கெடுப்பு நடந்தது. 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்தார்கள். நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16-இல் அது சட்டப்படி நிறைவேறியது. ஆயாவின் சீட்டு செல்லாக் காகிதமாயிற்று.

அப்படியானால் எல்லாம் தீர்ந்ததா? இல்லை. அந்த ஒரு வரியில் மூன்று கேள்விகள் இருக்கின்றன என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். எல்லை தாண்டி உழைக்கிறவனிடம் சட்டம் மூன்றையும் தனித்தனியாகக் கேட்கிறது: ஆள் யார்? கூலி யாருடைய கணக்கில்? வண்டி எந்த ஊர்? ஒன்றுக்கு உள்ள காகிதம் மற்றொன்றுக்கு உதவாது.

ஆளுக்கு அனுமதி

இந்தியாவுக்குள் இந்தக் கேள்வி இல்லை. எந்த மாநிலத்திலும் குடியிருக்கலாம், வேலை செய்யலாம். அரசியல் சட்டம் தந்த உரிமை அது. இதன் அருமை வெளியே போனால்தான் தெரியும். மலேசியாவின் ஜொகூர் பாருவில் குடியிருந்து, தினமும் தரைப்பாலம் தாண்டிச் சிங்கப்பூரில் வேலை செய்பவர்களில் நம் தமிழர்களும் உண்டு. 1924-இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் நீளம் ஏறக்குறைய 1 கிலோமீட்டர்தான். ஆனால் 1965-இல் சிங்கப்பூர் தனி நாடானதால் இன்று கடவுச்சீட்டும் வேண்டும், முதலாளி விண்ணப்பித்து வாங்கும் வேலை அனுமதியும் வேண்டும். அந்த அனுமதி அந்த முதலாளியிடம் செய்யும் வேலைக்குத்தான். சிங்கப்பூர் போக நினைக்கும் தம்பிகள் இதை மனத்தில் வையுங்கள். 'போய் இறங்கு, வேலை பாத்துக்கலாம்' என்று சொல்கிற ஏஜெண்டை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

கூலிக்கு வரி

முதல் சம்பளக் கவரைப் பிரித்தபோது 'தொழில் வரி' என்று ஒரு பிடித்தம். எனக்கு வந்ததே கோபம்! நேராகக் கணக்கரிடம் போய், "சார், நான் பாண்டிக்காரன். தமிழ்நாட்டு வரி எனக்கு எதுக்கு?" என்று சண்டை போட்டேன். அவர் சிரித்தார். "தம்பி, நீ தூங்குற ஊருக்கு இல்லப்பா இந்த வரி, உழைக்கிற ஊருக்கு" என்றார்.

அவர் சொன்னது சரி. வருமான வரி மத்திய அரசுடையது. வில்லியனூரில் வாங்கினாலும் விழுப்புரத்தில் வாங்கினாலும் ஒரே சம்பளத்துக்கு ஒரே கணக்குதான். தொழில் வரி அப்படியல்ல. நம் பக்கத்தில் அது உள்ளாட்சி அமைப்புகளுக்குப் போகிறது. வேலை செய்யும் இடத்தை வைத்துத்தான் கணக்கு. அரையாண்டுக்கு ஒருமுறை, வருமானத்துக்கு ஏற்றபடி பிடிப்பார்கள். அரசியல் சட்டத்தின் 276-ஆவது பிரிவுப்படி ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது. 1988 வரை அந்த உச்சவரம்பு 250 ரூபாய்தான். பிடித்தம் செய்ததற்கான சம்பளச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். பழைய வருமான வரி முறையைத் தேர்ந்தெடுப்பவர்கள் இந்தத் தொகையைக் கழித்துக்கொள்ளலாம்.

தூங்குகிற ஊருக்கா, உழைக்கிற ஊருக்கா என்ற இந்த வழக்கு உலகம் முழுக்க உண்டு. பிரான்சில் குடியிருந்து சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவுக்குத் தினமும் வேலைக்குப் போகிறவர்களிடம் ஜெனீவாவே சம்பளத்தில் வரி பிடிக்கிறது. 1973-இல் செய்த ஒப்பந்தப்படி, அந்தச் சம்பளத் தொகையில் 3.5 சதவீதத்தைப் பிரான்சின் எல்லையோர மாவட்டங்களுக்குத் திருப்பித் தருகிறது. பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடமும் சாலையும் அந்தப் பக்கம்தானே இருக்கின்றன! சிங்கப்பூரில் 183 நாள் கணக்கு. ஆண்டில் அத்தனை நாள் அங்கே இருந்து வேலை செய்தால் உள்ளூர்வாசிக்கான வரி விகிதம். குறைந்தால் வேறு கணக்கு. வெளிநாட்டுத் தொழிலாளி வேலையை விடும்போது, அவர் வரிப் பாக்கி தீரும் வரை முதலாளி கடைசிப் பணத்தை நிறுத்தி வைக்க வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். நம் பையன்கள் சிலர் இதை அறியாமல், 'சம்பளத்த அமுக்கிட்டான்' என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

வண்டிக்கு இரண்டும்

நாம் அதிகம் அடிபடுவது இதில்தான். புதுவைப் பதிவு எண் வண்டியை இந்தியா முழுவதும் ஓட்டலாம். ஆனால் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆவது பிரிவு, வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதிய எண் வாங்கச் சொல்கிறது. காலையில் போய் இரவு மூலக்குளம் திரும்பும் வண்டிக்குக் கவலையில்லை. நான் விழுப்புரத்தில் ரூம் எடுத்துத் தங்கினேன். வண்டியும் அங்கேயே நின்றது. 14-ஆவது மாதம் பிடித்தார்கள். அபராதம் கட்டினேன், அங்கே வரியும் கட்டினேன். பழைய பதிவு அலுவலகத்தில் முதலிலேயே தடையில்லாச் சான்று வாங்கி, முறையாக எண்ணை மாற்றியிருந்தால், புதுவையில் கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கானதைத் திரும்பக் கேட்டிருக்கலாம். அந்த அலைச்சலில் மூன்று நாள் சம்பளமும் போயிற்று.

இது என் நஷ்டம், போகட்டும். எங்கள் தெரு அண்ணன் ஒருவர் கதையைக் கேளுங்கள். கடன் வாங்கி ஒரு வேன் எடுத்தார். காலையில் பதினொரு பேரை எல்லைக்கு அந்தப் பக்கம் கம்பெனியில் இறக்கிவிட்டு, மாலையில் ஏற்றி வருவார். நல்ல மனுஷர், மாசக் கடைசியில் காசு இல்லையென்றால் கேட்க மாட்டார். வேனுக்குப் புதுவைக்குள் ஓட மட்டுமே அனுமதி இருந்தது. வாடகை வண்டிக்கு ஒரு மாநிலம் தந்த அனுமதி, அடுத்த மாநிலம் மேலொப்பம் இட்டால் ஒழிய அங்கே செல்லாது என்று அதே சட்டத்தின் 88-ஆவது பிரிவு சொல்கிறது. "நாலு கிலோமீட்டருக்கு என்னாப்பா பர்மிட்டு?" என்பார் அண்ணன். ஒரு மழை நாளில் அந்த நாலு கிலோமீட்டரில்தான் வேன் கவிழ்ந்தது. என்னோடு படித்தவன் ஒருவனுக்குக் கால் முறிந்தது. அனுமதி இல்லாமல் ஓட்டியதைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் வழக்காடியது. கடைசியில், 'காயம்பட்டவருக்கு முதலில் பணத்தைக் கொடு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்' என்று தீர்ப்பாயிற்று. நண்பனுக்குப் பணம் கிடைத்தது. அண்ணன் வேனை விற்றார், வீட்டையும் அடகு வைத்தார். இன்று அவர் வேறொருவர் வண்டியில் டிரைவர். நாங்கள் பதினொரு பேரும் ஒருநாளாவது "அண்ணே, பர்மிட் இருக்கா?" என்று கேட்டோமா? கேட்கவில்லை. அது இன்றும் உறுத்துகிறது.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் விற்பனை வரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டன. அதனால் எல்லையே போய்விட்டதாக நினைக்காதீர்கள். பெட்ரோல் அதற்குள் வரவில்லை. அதனால்தான் இங்கே ஒரு விலை, அங்கே ஒரு விலை. டேங்கை நிரப்பிக்கொண்டு போகலாம், தப்பில்லை. மது அப்படியல்ல. 'இங்கே கடையில் வாங்கினதுதானே' என்று பாட்டிலோடு தமிழ்நாட்டுக்குள் போனால், அந்த மாநில மதுவிலக்குச் சட்டத்தில் வழக்கும் வரும், வண்டியும் பறிபோகும். வேலைக்குப் போகிற பையனுக்கு வழக்கு ஒரு சுமை அல்லவா?

முடிவாக

நண்பர்களே, வேலைக்கான உத்தரவு கைக்கு வந்த அன்றே மூன்று கேள்வி கேளுங்கள். கம்பெனியில்: 'தொழில் வரி எந்த ஊரில் கட்டுகிறீர்கள்?' உங்களையே: 'என் வண்டி இரவில் எங்கே நிற்கப் போகிறது?' ஏறப்போகும் வேன்காரரிடம்: 'அண்ணே, அந்தப் பக்கத்துக்கும் பர்மிட் இருக்கா?' மூன்றாவதைக் கேட்கத்தான் கூச்சமாக இருக்கும். 'இவன் ரொம்பச் சட்டம் பேசுறான்' என்பார்கள். பேசட்டும்! நீங்கள் கேட்பது உங்களுக்காக மட்டுமல்ல, அந்த அண்ணன் வீட்டுக்காகவும்தான்.

ஆயா காலத்தில் சீட்டு இல்லாதவனை எல்லையிலேயே நிறுத்தினார்கள். இன்று நிறுத்த ஆளில்லை. விபத்து நடந்த பிறகுதான் கேட்கிறார்கள். அதனால் புறப்படும் முன்பே நாமே கேட்டுக்கொள்வோம். படிப்பை முடித்து எல்லை தாண்டப் போகும் தம்பி, தங்கைகள் அனைவருக்கும் என் மனமார்ந்த வாழ்த்துகள்!