மொழி மென்பொருள்களின் சோதனை அறிக்கைகளைப் பேணுதல்

1. பின்னடைவு

மென்பொருளில் ஒரு பிழையைத் திருத்தும்போது, முன்பு சரியாக இயங்கிவந்த வேறொரு பகுதி பழுதடைவதுண்டு. இது பின்னடைவு எனப்படும். இலக்கண விதிகள் ஒன்றையொன்று சார்ந்து இயங்குவதால், அவ்விதிகளைக் கொண்டு அமையும் மென்பொருள்களில் பின்னடைவுக்கு வாய்ப்பு மிகுதி.

தமிழ்ச் சொற்களை உறுப்புகளாகப் பிரிக்கும் உருபனியல் பகுப்பானை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். மகர ஈற்றுப் பெயர்கள் வேற்றுமை உருபின்முன் அத்துச் சாரியை பெறும் என்னும் விதியால் 'மரத்தை' என்பது சரியாகப் பிரிக்கப்படும். 'சலீமை' என்பது பிரிக்கப்படாது. இக்குறையை நீக்க, மகர ஈற்றுப் பெயர்கள் சாரியையின்றியும் வரலாம் என விதி தளர்த்தப்பட்டால், 'சலீமை' சரியாகும். ஆனால் 'பழமை' என்னும் பண்புப்பெயர் 'பழம் + ஐ' என்றும் பிரிந்துவிடும். 'கடமை' என்பது 'கடம் + ஐ' ஆகும். தளர்வை ஆட்பெயர்களுக்கு மட்டும் உரியதாக்குவதே ஏற்ற திருத்தம். எனினும் 'சலீமை' என்ற சொல்லை மட்டும் சோதித்தவர்க்கு இப்பழுது புலப்படாது.

2. மொத்த மதிப்பெண்ணின் போதாமை

ஆயிரம் சொற்கள் கொண்ட சோதனைத் தொகுப்பில் ஒரு பதிப்பு 900 சொற்களையும் அடுத்த பதிப்பு 910 சொற்களையும் சரியாகப் பிரிக்கின்றன எனக் கொள்ளலாம். இது வளர்ச்சியாகவே தோன்றும். ஆயின் 30 சொற்கள் புதிதாகச் சரியாகி, 20 சொற்கள் பழுதாகியிருந்தாலும் இதே எண்தான் கிடைக்கும். அந்த 20 சொற்களைக் காட்டுவது மொத்த மதிப்பெண் அன்று. சொல்வாரியாகப் பேணப்பட்ட முந்தைய அறிக்கையே ஆகும்.

3. அறிக்கையில் இடம்பெற வேண்டியவை

நிரல், அகராதி, சோதனைத் தொகுப்பு ஆகிய மூன்றின் பதிப்பெண்கள், சோதனை நாள், ஒவ்வொரு சொல்லுக்கும் எதிர்பார்த்த விடை, கிடைத்த விடை ஆகியவை இன்றியமையாதவை. சோதனைத் தொகுப்பு மாறியிருப்பின் இரு மதிப்பெண்களையும் நேரடியாக ஒப்பிடல் பொருந்தாது. எதிர்பார்த்த விடையையே மொழியியலார் மாற்றியிருப்பின் அதன் காரணமும் குறிக்கப்பட வேண்டும். முன்பே அறியப்பட்ட பிழைகளைத் தனியே குறித்துவைத்தால் புதியவை அவற்றுள் மறைந்துவிடா.

குறியேற்றமும் கருதத்தக்கது. யூனிகோடில் ஒகர உயிர்மெய்யின் குறியை ஒரே குறியெண்ணாகவும், எகரக் குறி, ஆகாரக் குறி என இரண்டாகவும் சேமிக்க இயலும். இரண்டும் நிகரானவை என்பது அத்தரத்தின் விதி. பார்வைக்கும் வேறுபாடு இல்லை. ஆயினும் குறியெண்களை அப்படியே ஒப்பிடும் நிரல் அவற்றை வெவ்வேறு சொற்களாகக் கொண்டு, இல்லாத பின்னடைவைக் காட்டும். எனவே ஒப்பிடுமுன் இரண்டையும் ஒரே வடிவிற்குக் கொணர்தல் வேண்டும். மூல அறிக்கையை மாற்றாது வைத்தல் வேண்டும்.

4. முன்னோடி முயற்சி

1990களில் ஐரோப்பாவில் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளுக்குச் சோதனை வாக்கியத் தொகுப்புகள் உருவாக்கப்பட்டன. அவற்றைத் தொடர்ந்து ஸ்டீபன் ஓப்பன் உருவாக்கிய கருவி, ஒவ்வொரு வாக்கியத்திற்கும் கிடைத்த பகுப்புகளின் எண்ணிக்கை, செலவான நேரம் போன்றவற்றைத் தரவுத்தளத்தில் சேமித்தது. இலக்கணத்தின் இரு பதிப்புகளை வாக்கியவாரியாக ஒப்பிட அது வழிசெய்தது.

5. பயன்

ஒவ்வொரு பதிப்பின் அறிக்கையும் பேணப்பட்டிருப்பின், 'பழமை' எந்தப் பதிப்பில் முதன்முதலாகப் பழுதாயிற்று என்பதை உடனே கண்டு, அப்போது மாற்றப்பட்ட விதியை அணுகலாம். இல்லையெனில் பழைய நிரல்களை மீண்டும் இயக்க வேண்டும். 1990களின் தனித்தனி எழுத்துருக் குறியேற்றங்களை நம்பி எழுதப்பட்ட நிரல்களை இன்றைய கணினிகளில் இயக்குவது எளிதன்று. அத்தகைய நிரல் செயலற்றுப் போயினும், அதன் அறிக்கை எளிய உரைக்கோப்பாக இருப்பின் படிக்கத்தக்கதாகவே இருக்கும். ஒரு விதி ஏன் தளர்த்தப்பட்டது, ஏன் மீண்டும் இறுக்கப்பட்டது என்பதைப் பின்வரும் ஆய்வாளர் அதிலிருந்தே அறிவர். ஒரே பிழையை இருமுறை செய்வதும் தவிர்க்கப்படும்.